நாற்பத்தைந்தாம் பாகையில் ஓர் ஊர்

கனடாவின் படத்தை விரித்து மொன்றியலுக்குத் தென்கிழக்கே விரலை நகர்த்திக்கொண்டு போனால், வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் ஒடுங்கிய ஏரி ஒன்று தட்டுப்படும். மெம்ஃப்ரமேகொக் என்பது அதன் பெயர். நீளம் ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர். அகன்ற நீர்ப்பரப்பு என்று பொருள்படும் அபெனாக்கி மொழிச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அபெனாக்கி மக்கள் அந்த ஏரியில் வள்ளம் வலித்துத் திரிந்த காலத்தில் அது ஒரே ஏரியாகத்தான் இருந்தது. இன்று அதன் முக்காற் பங்கு கனடாவில், மிகுதி அமெரிக்காவில். ஏரிக்குள் இருக்கும் புறொவின்ஸ் தீவையும் எல்லைக்கோடு விட்டுவைக்கவில்லை. தீவின் தென்முனை அமெரிக்காவுக்குப் போய்விட்டது.

கோடு தீவைக் கடந்து, கிழக்குக் கரையேறி, சில கிலோமீற்றர் தூரத்தில் ஊர்மனைக்குள் நுழைகிறது. அங்கே ஒரு தெருவின் நடுவாலும், சில கட்டடங்களின் ஊடாகவும், ஒரு நூலகத்தின் வாசிப்பறைக்குக் குறுக்காகவும் போகிறது. கோட்டுக்கு வடக்கே கியூபெக் மாகாணத்து ஸ்ரான்ஸ்ரெட். தெற்கே வேர்மொன்ற் மாநிலத்து டேர்பி லைன். இரண்டு பெயர், இரண்டு நாடு. ஆனால் புதிதாக வருகிற ஒருவரின் கண்ணுக்கு ஒரே ஊர்.

இதே கோட்டைப் பிடித்துக்கொண்டு மேற்கே போனால் லக்கோல் வரும். அமெரிக்காவின் பிளாற்ஸ்பேர்க் பக்கத்தால் வந்து, லக்கோல் எல்லைச் சாவடியில் அகதி என்று சொல்லிக் கனடாவுக்குள் காலடி வைத்தவர்கள் எங்களில் பலர். அப்படி வந்த எவரும் அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. கேட்கிற நேரமும் அதுவல்ல. சட்டைப்பைக்குள் இருந்த கடதாசிகள்தான் அப்போது எங்களுக்குத் தெரிந்த ஒரே பூகோளம்.

*

கோட்டின் கதை 1763இல் தொடங்குகிறது. பிரான்சிடமிருந்து கியூபெக்கைப் பெற்றுக்கொண்ட பிரித்தானிய அரசு, அதன் தென்னெல்லையாக வட அகலக்கோடு 45 பாகையை நியமித்தது. பூமத்திய கோட்டுக்கும் வடதுருவத்துக்கும் சரிநடு என்பதைத் தவிர அந்த இடத்துக்கு வேறு சிறப்பில்லை. ஆறில்லை, மலைத்தொடரில்லை, மொழி மாறவில்லை. இலண்டனில் இருந்தவர்களுக்கு ஓர் இலக்கம் வசதியாக இருந்தது, இலக்கத்தையே எல்லையாக்கினார்கள். அந்நேரம் கோட்டின் இருபுறமும் ஒரே முடியின் ஆட்சிதான். அது வெறும் மாகாண எல்லை.

கோட்டை நிலத்தில் இறக்கும் வேலை கியூபெக்கின் சார்பில் ஜோன் கொலின்சுக்கும் நியூயோர்க்கின் சார்பில் தோமஸ் வலன்ரைனுக்கும் கொடுக்கப்பட்டது. 1771 முதல் 1774 வரை காட்டை வெட்டி அளந்தார்கள். சதுப்பு நிலம், பனி, நுளம்பு, அன்றைய கருவிகள். கோடு நேராக வரவில்லை. பல இடங்களில் உண்மையான 45 பாகைக்கு வடக்கே விலகி வளைந்து நெளிந்து போனது. அளந்தவர்கள் வெறியில் அளந்தார்கள் என்று அந்தப் பக்கத்தில் இன்றும் பகிடியாகச் சொல்வார்கள்.

1776இல் அமெரிக்கா தன் விடுதலையை அறிவித்தது. 1783 உடன்படிக்கையோடு மாகாண எல்லை நாட்டெல்லையாக மாறிற்று. ஆனால் கோடு பிழை என்பது நெடுநாளாக எவருக்கும் தெரியாது. 1812இல் தொடங்கிய யுத்தம் முடிந்தபின், சாம்பிளெய்ன் ஏரியின் வடமுனையில் 1816இல் அமெரிக்கர் ஒரு கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். பிறகு வானசாஸ்திர முறைப்படி அளந்து பார்த்தபோது, கனடாவைத் தடுக்கவென்று எழுப்பிய கோட்டை கனடாவின் நிலத்திலேயே நிற்பது தெரியவந்தது. வேலையை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். பிழைக் கோட்டை என்ற பட்டப்பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

1842 உடன்படிக்கையில் வெப்ஸ்ரரும் ஆஷ்பேர்ட்டன் பிரபுவும் இதை ஒருவாறு தீர்த்தார்கள். 45ஆம் பாகையைத் திருத்தமாக அளந்து மறுபடி நட முற்படாமல், கொலின்சும் வலன்ரைனும் இட்ட பழைய கோட்டையே எல்லையாக ஏற்றுக்கொண்டார்கள். பிழை சட்டமாயிற்று. இன்று அந்த நூலகம் உண்மையான 45ஆம் பாகைக்கு அரைக் கிலோமீற்றருக்கு மேல் வடக்கே நிற்கிறது. அளந்தவர்கள் சரியாக அளந்திருந்தால் அது முழுவதும் கனடாவுக்குள் விழுந்திருக்கும். ஒரு மனிதர் எந்த நாட்டுப் பிரசை, எந்தப் பொலிசுக்குப் பயப்படவேண்டும், எந்தப் போருக்கு அனுப்பப்படுவார் என்பதெல்லாம் 1770களின் ஒரு காட்டு வேலையில் தீர்மானமாகியிருக்கின்றன.

ஆனால் அந்த ஊர்க்காரர் கோட்டைப் பெரிதாக எடுக்கவில்லை என்பதுதான் கதையின் மற்றப் பாதி. 1790களில் நியூ இங்கிலாந்திலிருந்து வடக்கே வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள்தான் இரண்டு பக்கமும். சகோதரர் ஒருவர் இங்கே, மற்றவர் அங்கே. பெண் கொடுப்பதும் எடுப்பதும், கடை வைப்பதும், கருங்கல் உடைப்பதும், கோவிலுக்குப் போவதும் கோட்டைக் கேட்டு நடக்கவில்லை. பீபி பிளெய்ன் பகுதியில் இரண்டு நாட்டுக்குமாக ஒரே கட்டடத்தில் தபாற்கந்தோர் இருந்தது. கள்ளக் கடத்தலும் தாராளமாக நடந்தது. வேலி கட்டாத இடத்தில் வேலி பாய்வது குற்றமாகப் படுவதில்லை.

*

2019 ஓகஸ்டில் நாங்கள் நால்வர் ஸ்காபரோவிலிருந்து அங்கே போனோம். 401 நெடுஞ்சாலையால் மொன்றியல் வரை, பிறகு கிழக்கே திரும்பித் தெற்கே. எழுநூறு கிலோமீற்றர் வரும். எங்களுடன் ஊரில் சரித்திரம் படிப்பித்த மாஸ்ரர் ஒருவர் வந்திருந்தார். லக்கோலால் வந்த அக்கா ஒருவரும் இருந்தார். மற்ற இருவரும் விமானநிலையத்தில் இறங்கியவர்கள்.

முதலில் பீபியில் கனுசா என்ற தெருவுக்குப் போனோம். கனடா, அமெரிக்கா இரண்டின் எழுத்துக்களையும் ஒட்டிச் செய்த பெயர். தெருவின் நடு மஞ்சட் கோடுதான் எல்லை. வடக்குப் பக்க வீடுகள் கனடா, தெற்குப் பக்க வீடுகள் அமெரிக்கா. எதிர்வீட்டுக்குச் சீனி கடன் வாங்கப் போவதென்றாலும் சட்டப்படி சாவடிக்குப் போய் அறிவித்துவிட்டுத்தான் போகவேண்டும். ஒரு கிழவர் வேலியில்லாத தன் முற்றத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். கையசைத்தார். நாங்களும் கனடாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கையசைத்தோம்.

"உந்தாள் முன்வீட்டுக் கலியாணத்துக்குப் போறதெண்டால் பாஸ் எடுக்கவேணும்" என்றார் மாஸ்ரர்.

"நாங்கள் எடுக்காத பாசே மாஸ்ரர்?" என்றார் அக்கா.

பிறகு நூலகத்துக்குப் போனோம். ஹாஸ்கெல் இலவச நூலகமும் இசையரங்கும் என்பது அதன் முழுப்பெயர். மார்த்தா ஸ்ருவேட் ஹாஸ்கெல் கனடாவிற் பிறந்தவர். கணவர் கார்லோஸ் ஹாஸ்கெல் டேர்பி லைனில் மர ஆலைகள் வைத்திருந்த அமெரிக்கர். கணவரின் மறைவுக்குப் பின் மார்த்தாவும் மகனும், இரண்டு ஊராரும் சேர்ந்து பயன்படுத்தவேண்டும் என்று வேண்டுமென்றே எல்லைக்கோட்டின் மேல் இதைக் கட்டுவித்தார்கள். மேல்மாடி அரங்கு 1904இலும் கீழே நூலகம் 1905இலும் திறக்கப்பட்டன. முன்வாசல் அமெரிக்காவில், புத்தக அலுமாரிகள் கனடாவில். அரங்கின் மேடை கனடாவில். இருக்கைகளிற் பெரும்பாலானவை அமெரிக்காவில். அமெரிக்காவிலேயே புத்தகமில்லாத ஒரேயொரு நூலகம், மேடையில்லாத ஒரேயொரு இசையரங்கு என்று ஊரார் சொல்லிச் சிரிப்பார்கள்.

கனடாப் பக்கத்துத் தெருவில் வாகனத்தை விட்டோம். தெருவுக்குக் குறுக்கே வரிசையாகப் பூச்சட்டிகள். அவைதான் எல்லை. பக்கத்து நடைபாதையால் அமெரிக்க மண்ணில் சில அடிகள் வைத்து முன்வாசலால் உள்ளே போகலாம், வந்த வழியே திரும்பவேண்டும், கடவுச்சீட்டுக் கேட்கமாட்டார்கள். நூறாண்டுக்கு மேலாக இருந்த வழக்கம் அது. அமெரிக்க எல்லைக் காவலரின் வாகனம் ஒன்று தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

உள்ளே பளபளக்கும் மரத்தரையில் ஒரு கறுப்புக் கோடு. மூலையிலிருந்து மூலைக்குச் சரிவாக ஓடுகிறது. அதன்மேல் கால் வைத்துப் படம் எடுப்பதற்கென்றே ஆட்கள் வருகிறார்கள். அக்கா மாத்திரம் கோட்டைத் தாண்டாமல் சற்று நேரம் நின்றார். 1989இல் லக்கோலில் மூன்று பிள்ளைகளுடன் பதினொரு மணி நேரம் இருந்தவர் அவர். பிறகு தாண்டினார். ஒன்றும் நடக்கவில்லை.

வாசிப்பறையின் ஒரு பக்கத்தில் வயதான பெண் ஒருவரும் ஓர் இளைஞரும் நெருக்கமாக இருந்து எங்களுக்கு விளங்காத மொழியில் மெல்லக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அவர்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்த நாட்களில் அந்த அறைக்கு யார் வந்தார்கள் என்பது பத்திரிகைகளில் வந்த செய்தி. 2017இல் அமெரிக்கா ஈரான் முதலிய நாட்டினருக்கு விதித்த பயணத்தடையினால், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிற் படிக்கும் ஈரானிய மாணவர்கள் வெளியே போனால் திரும்பமுடியாது. பெற்றோர் உள்ளே வரமுடியாது. பெற்றோர் கனடா விசா எடுத்து வடக்கிலிருந்து வந்தார்கள். பிள்ளைகள் தெற்கிலிருந்து வந்தார்கள். இந்த நூலகத்தில், புத்தக அலுமாரிகளுக்கிடையே, சில மணி நேரம் கட்டிப்பிடித்து அழுதார்கள். இரண்டு அரசும் கண்ணை மூடிக்கொள்வது எத்தனை நாளைக்கு என்ற பயம் நூலகத்தாருக்கு இருந்தது. குடும்பச் சந்திப்புகளைக் கட்டுப்படுத்த அவர்கள் அறிவித்தல் ஒட்டவேண்டி வந்தது.

மரக்கடைக்காரரின் மனைவி ஒருத்தி அயலாருக்கு நாவல் இரவல் கொடுக்கக் கட்டிய இடம், நூறாண்டு கழித்துத் தாயும் பிள்ளையும் பார்க்கக்கூடிய ஒரே இடமாகிவிட்டது.

*

திரும்பி வரும்போது வாகனத்தில் இதே கதைதான். எங்களுக்கும் நீர்மேற் கோடுகள் புதிதல்ல.

1974 யூனில் இந்திரா காந்தியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவும் பாக்கு நீரிணையில் ஒரு கோடு போட்டார்கள். 285 ஏக்கர் கச்சதீவு இலங்கைக்கு வந்தது. இரு கரையிலும் ஒரே மொழி, ஒரே வலை, அந்தோனியார் கோவில் திருவிழாவுக்கு இரண்டு கரையிலிருந்தும் வள்ளங்கள். கையெழுத்திட்ட இரண்டு தலைநகரங்களிலும் அந்தக் கடலில் வலை வீசியவர் எவரும் இருக்கவில்லை. அதற்கும் முன்னர், 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தோடும் குடிவரவுச் சட்டத்தோடும், தலைமுறைகளாக நடந்த போக்குவரத்து ஒரே நாளிற் குற்றமாயிற்று. கள்ளத்தோணி என்ற சொல்லை நாமே வாய்கூசாமல் மலையகத்தவர் மீது எறிந்தோம். வள்ளம் மாறவில்லை, கடலும் மாறவில்லை. சட்டம் மாறியதும் தோணிக்குக் கள்ளப் பட்டம் வந்தது.

தொண்ணூறுகளின் முற்பகுதியில் ஆனையிறவுப் பாதையும் பூநகரிப் பாதையும் அடைபட்டபோது கிளாலிக் கடனீரேரிதான் எங்கள் எல்லை. இருட்டில் வள்ளத்தில் குந்தியிருந்து, கடற்படையின் வெளிச்சம் எந்தப் பக்கத்தால் வரும் என்று பார்த்தபடி கடந்தோம். 1993 சனவரியில் அங்கே பயணிகள் நீரிலேயே கொல்லப்பட்டார்கள். வெளியேற இயக்கத்திடம் ஒரு பாஸ், வவுனியாவில் தங்க ஆமியிடம் இன்னொரு பாஸ். 2002இல் ஏ9 பாதை திறந்தபோது முகமாலையில் இரண்டு சோதனைச் சாவடிகள். நடுவே எவருக்கும் சொந்தமில்லாத ஒரு துண்டு நிலம். 2006 ஓகஸ்டில் அதுவும் மூடப்பட்டது. கோடு போடுவதற்கு வெளியார்தான் வேண்டுமென்பதுமில்லை. 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேர அவகாசம் கொடுத்து வெளியேற்றியபோது, கோட்டைக் கீறியது தமிழ்க் கை.

இந்த நினைவுகளோடு பார்த்தால் ஸ்ரான்ஸ்ரெட்டின் பூச்சட்டிகள் ஒரு விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் அவை எங்களுக்கு ஒன்றைக் காட்டித் தந்தன. ஒரே கோடு, ஒரே இடத்தில், இருநூற்றைம்பது வருடமாகக் கிடக்கிறது. அது சிலகாலம் பூச்சட்டியாக இருக்கிறது, சிலகாலம் இரும்புக் கதவாக மாறுகிறது. 2001 செப்டெம்பருக்குப் பின் இந்த ஊரின் சில குறுந்தெருக்களுக்குக் குறுக்கே உண்மையாகவே கதவுகள் போட்டார்கள். கோடு அசையவில்லை. கடப்பவரை அரசு பார்க்கிற பார்வைதான் மாறிற்று.

*

நாம் வந்த காலத்தை எடுத்துக்கொள்வோம். 1985 ஏப்ரல் 4ஆம் தேதி, சிங் வழக்கில், அகதி கோருபவருக்கு நேரிற் பேசும் உரிமை உண்டென்று கனடிய உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்தபோது மீனவர் அவர்களை ஏற்றிக் கரைசேர்த்தார்கள். அரசு தங்க அனுமதித்தது. 1987 பெப்ரவரியில் விதி இறுகியது. எல்லைக்கு வருபவர் விசாரணைத் தேதிவரை அமெரிக்காவிலேயே காத்திருக்கவேண்டும் என்றார்கள். பஃபலோவிலும் பிளாற்ஸ்பேர்க்கிலும், பெரும்பாலும் மத்திய அமெரிக்கர்கள், கோவில் மண்டபங்களிற் படுத்துக் கிடந்தார்கள். ஆனாலும் கதவு முற்றாகச் சாத்தப்படவில்லை. இறுதியில் ஒரு தேதி கிடைத்தது; ஒரு மேசைக்கு முன்னால் இருந்து கதையைச் சொல்ல முடிந்தது. ரொறன்ரோவின் தமிழ்க் கடைத்தெருக்கள் அந்த மேசையிலிருந்து வந்தவை.

2004 டிசம்பர் 29இலிருந்து நடைமுறைக்கு வந்த பாதுகாப்பான மூன்றாம் நாட்டு உடன்படிக்கை, அமெரிக்காவால் வருபவரை லக்கோல் போன்ற சாவடிகளில் திருப்பியனுப்ப வழி செய்தது. சாவடி அல்லாத இடத்தால் வருபவருக்கு அது பொருந்தாது என்பதால் சனம் லக்கோலுக்கு அருகே றொக்சம் என்ற சிறு றோட்டால் நடந்து வந்தது. 2022இல் மாத்திரம் கியூபெக்கில் அப்படி வந்தவர்கள் முப்பத்தொன்பதாயிரத்துக்கு மேல். 2023 மார்ச் 25இல் அந்தத் துவாரமும் அடைபட்டது. ஐந்து நாட்களின் பின், இதே கோடு சென்லோறன்ஸ் ஆற்றைத் தொடுமிடத்தில், மோஹோக் மக்களின் ஆக்வசாஸ்னியில், அமெரிக்காவுக்குப் போகப் புறப்பட்ட ஓர் இந்தியக் குடும்பமும் ஒரு ருமேனியக் குடும்பமுமாக எட்டுப் பேரின் உடல்கள் நீரில் மிதந்தன.

நூலகத்துக்கும் நாள் வந்தது. 2025 சனவரியில் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புச் செயலாளர் அங்கே வந்து, கோட்டை மாறி மாறித் தாண்டி, கனடாவை ஐம்பத்தோராவது மாநிலம் என்று சொல்லிப் பகிடி விட்டார். மார்ச் மாதத்தில் நடைபாதை வழக்கத்துக்கு முடிவு அறிவிக்கப்பட்டது. ஒக்ரோபர் முதலாந் தேதியிலிருந்து முன்வாசலால் போக விரும்பும் கனடியர் சாவடியைச் சுற்றித்தான் வரவேண்டும். நூலகத்தார் காசு சேர்த்து, கனடாப் பக்கத்தில் இருந்த அவசரக் கதவை வாசலாக்கினார்கள். கீழைக் கியூபெக்கின் கிராமங்களை வைத்துத் துப்பறியும் நாவல்கள் எழுதும் லூயிஸ் பென்னியும் பணம் கொடுத்தார்.

அதே 2025 ஓகஸ்டில், அதே ஸ்ரான்ஸ்ரெட்டில், இரவில் கனடியப் பொலிஸ் மறித்த ஒரு பாரவண்டிக்குள் நாற்பத்துநான்கு பேர் அடைபட்டிருந்தார்கள். பெரும்பாலும் ஹெயிற்றியர். பிள்ளைகளும் ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் உள்ளே. பென்னம்பெரிய செய்தியாக வந்தது. எங்கள் விருந்து மண்டபங்களிலும் அதைப் பற்றிக் கதைத்தார்கள். "உவங்கள் ஒழுங்கா வரேலாதோ?" என்று கேட்டவர்களில் அரைவாசிப்பேர் வேறொருவரின் கடவுச்சீட்டில் வந்தவர்கள்.

அது நன்றிகெட்டதனம் என்று நாங்கள் சொல்லவரவில்லை. கதவுக்குள் வந்தபின் கதவு சிறிதாகத்தான் தெரியும். ஆனால் கதவு எப்படி வந்தது என்பதை மறந்தால், அது எங்களுக்காகவே இருந்தது என்ற எண்ணம் வந்துவிடும். நாங்கள் ஒழுங்காக வந்ததால் உள்ளே விடப்படவில்லை. நாங்கள் வந்த வருடங்களில் கோடு பூச்சட்டியாக இருந்தது, அவ்வளவுதான். அந்த நாற்பத்துநான்கு பேரும் 1986இல் வந்திருந்தால் அவர்களுக்கும் ஒரு மேசை கிடைத்திருக்கும். நாங்கள் 2025இல் வந்திருந்தால் எங்களுக்கும் ஒரு பாரவண்டிதான்.

டேர்பி லைனுக்கும் ஸ்ரான்ஸ்ரெட்டுக்கும் குடிதண்ணீர் ஒன்று. கிணறுகள் கனடாவில்; நீர்த்தாங்கி அமெரிக்காவில்; இரண்டு ஊரின் கழிவுநீரும் கனடாவிற் சுத்திகரிக்கப்படுகிறது. தீப்பிடித்தால் இரண்டு பக்கத்துத் தீயணைப்பு வண்டிகளும் ஓடும். வாசலும் மேடையும் பிரிபட்ட இந்தக் காலத்திலும் குழாய்களை எவரும் தொடவில்லை. தொட்டால் இரண்டு ஊரும் தண்ணீரில்லாமற் கிடக்கும் என்பது இரண்டு ஊராருக்கும் தெரியும். அந்த அறிவு ஒட்டாவாவுக்கும் வாஷிங்டனுக்கும் போய்ச் சேரும்வரை, அவசரக் கதவால் போய்ப் புத்தகம் எடுப்பவர்கள் எடுத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.